திரேஸ்புரத்தில் அண்ணன் போட்ட ஊசி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கும் தங்கை எழுதுவது.

அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. போதகரையா ஒரு கட்டுரை கேட்டார்கள். படித்தவர்களை எழுதச் சொல்லுங்கள் என்றேன். "கூட இருந்தது நீதானம்மா" என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தெரிந்ததை எழுதுகிறேன். அண்ணனின் பெயர் அட்டையில் இருக்கிறது. எனக்கு அவர்கள் அண்ணன்தான். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நாசரேத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா அங்கே உபதேசியாராக இருந்தார்கள். மூத்த பிள்ளை அண்ணன். கடைசிப் பிள்ளை நான். நடுவில் பிறந்தவை தங்கவில்லை.

சின்ன வயதிலேயே அண்ணனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். அப்பா முட்டியில் தட்டுவார்கள். கால் நிற்கும், கை ஆடத் தொடங்கும். சாப்பாடும் நின்றபடிதான். அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள்.

நாசரேத் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் நடந்தே வந்து படித்தார்கள். பிறகு மிஷன் உதவியில் பட்டணத்துக்குப் போய் எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்தார்கள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் பகலுக்குக் கஞ்சி, இரவுக்கு அதுவும் சந்தேகம். அம்மா அதை யாரிடமும் சொன்னதில்லை. நானும் இதற்கு மேல் சொல்லவில்லை.

என்னை ஆத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணன் வந்தார்கள். வாசலில் நின்றபடியே, "பெட்டியை எடு, ஏளா" என்றார்கள். எடுத்துக்கொண்டு அண்ணன் இருந்த தூத்துக்குடிக்கு வந்தேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

அண்ணனுக்கும் கல்யாணம் பேசினார்கள். சாத்தான்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். காப்பி வருமுன் அண்ணனைக் காணவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து பெண்ணின் தகப்பனாரிடம், "கிணத்துக்கு இவ்வளவு பக்கத்தில கக்கூஸ் இருக்கக் கூடாது, அண்ணாச்சி" என்றார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ரொம்ப நாள் கழித்து, "அந்தக் கக்கூஸை மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

முதலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. நல்ல பெயர் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார்கள். என்னவென்று கேட்டேன். "வாரவனுக்கு மருந்து குடுக்கேன். வராதவன் எங்கன கிடந்து சாவுதான்னு தெரியலையே" என்றார்கள். கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டு ஊர்ச் சுகாதார வேலைக்குப் போனார்கள். சம்பளம் குறைந்தது. நடை கூடியது.

சைக்கிளில் போவார்கள். கிணறுகளுக்கு மருந்துப் பவுடர் போடுவது, அரிசிக் கிட்டங்கிகளில் எலி பிடிக்கச் சொல்வது, உப்பளத்து ஆட்களின் காலில் உள்ள புண்ணைப் பார்ப்பது, அம்மை கண்ட வீட்டைத் தேடிப் போவது, இதெல்லாம் வேலை. உலகச் சண்டை வந்த பிறகு இன்னும் கூடிற்று. பர்மாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். அரிசி கிடைக்கவில்லை. பசித்தவனை எந்த நோயும் சீக்கிரம் பிடிக்கும் என்று அண்ணன் சொல்வார்கள்.

ஊசிகளை நான்தான் வீட்டு அடுப்பில் கொதிக்க வைப்பேன். அதற்கென்று ஒரு சட்டி. அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது. ஒரு தரம் அவசரத்துக்கு முட்டை அவித்தேன். அண்ணன் சட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "முட்டைக்கு ஊசி போடப் போறியா?" என்றார்கள். பிறகு அந்தச் சட்டி சமையலுக்கே போனது. புதுச் சட்டி வாங்கி வந்தார்கள்.

பெண்கள் ஆண் டாக்டரிடம் கையை நீட்ட மாட்டார்கள். அதனால் என்னையும் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். நான் ஸ்பிரிட் பஞ்சு வைத்துத் துடைப்பேன். கையைப் பிடித்துக்கொள்வேன். அப்படித்தான் தூத்துக்குடிக் கடலோரத்துத் திரேஸ்புரம் எனக்குப் பழக்கம்.

திரேஸ்புரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். அண்ணனின் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்த இடம்தான்.

ஒரு வருஷம் மழை முடிந்து, கடலில் முங்கிச் சங்கு குளிக்கும் காலம் தொடங்கியது. அதே சமயத்தில் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வாந்திபேதி என்று சேதி வந்தது. அண்ணனுக்கு உட்கார முடியவில்லை. திரேஸ்புரத்தில் வீடுகள் நெருக்கம். குடிக்கும் தண்ணீர் மணலில் தோண்டிய ஊற்று. அங்கே நுழைந்தால் தெருத் தெருவாக வாரிக்கொண்டு போகும் என்றார்கள். எல்லோருக்கும் ஊசி போட்டாக வேண்டும்.

பெண்களும் பிள்ளைகளும் ஒருவழியாகக் கை நீட்டினார்கள். குளிக்கும் ஆட்கள் நீட்டவில்லை. ஊசி போட்டால் மறுநாள் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். முங்க முடியாது. முங்காதவனுக்கு அன்றைக்குப் பங்கு கிடையாது. படகுக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். பெரிய சம்மாட்டி தொம்மை என்பவரிடம் அண்ணன் பேசினார்கள்.

"டாக்டரையா, உம்ம ஊசி நல்ல ஊசியாவே இருக்கட்டும். எம் பயலுவ கை வீங்கிப் படுத்துக்கிட்டா, சங்கு தானா நடந்து வந்து படகுல ஏறுமா?"

"வாந்திபேதி வந்தா படகைத் தள்ளவே ஆள் இருக்காது, ஓய்."

"வந்தா பாத்துக்கிடுவோம்."

"வந்த பிறகு நான் பாக்க முடியாது. நீரும் பாக்க முடியாது."

தொம்மை சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்துகொண்டே இருந்தார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டார்கள். அந்தக் கடற்கரையில் வேதக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். காயல் பக்கமிருந்து வந்து குளிக்கும் பாய்மார் வெள்ளிக்கிழமை போக மாட்டார்கள். அதனால் பாய்மாருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஊசி. மற்றவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். காய்ச்சல் அவரவர் ஓய்வு நாளில் வந்து போய்விடும். பங்கு நஷ்டமில்லை.

இதற்குத் தொம்மையும் தலையாட்டினார். "டாக்டரு யாவாரி வீட்டில பொறந்திருக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை பாய்மாருக்குப் போட்டது நல்லபடி முடிந்தது. சனிக்கிழமை கரைக்குப் போனோம். ஆட்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் வந்து கை நீட்டினார்கள். கொண்டுபோன மருந்து பாதிப்பேருக்குத்தான் போதுமாக இருந்தது, மீதிப்பேருக்கு அடுத்த சனிக்கிழமை என்று பேச்சு. அண்ணனுக்குச் சந்தோஷம். திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே வந்தார்கள். அது அபூர்வம்.

அவர்கள் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று அண்ணன் கேட்கவில்லை. நாங்கள் பனங்காட்டு ஆட்கள். கடலைப் பார்த்தால் கடல் என்று மட்டும் தெரியும். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கலங்கலில் சங்கு கண்ணுக்குத் தெரியாது. ஒரு படகும் போகவில்லை. அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆட்கள் கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். வாரமெல்லாம் பட்டினி கிடந்தவர்களிடம் அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? முதல் பூசை முடிந்ததும் படகுகள் போயின.

சூசை என்று ஒருவர். நல்ல குளியாள். காய்ச்சலோடுதான் போனார். குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். அது அவர்கள் வழக்கம். அக்காள் தாலிக்கு அவன் பொறுப்பு என்பார்கள். சூசையின் கயிற்றைப் பிடித்தது அவர் பெண்சாதி ரோசம்மாளின் தம்பி. மேலே வரச் சூசை இழுக்க வேண்டிய கயிறு இழுபடவே இல்லை. அவனே பயந்து இழுத்தான். ஆள் மேலே வந்தார். உயிர் வரவில்லை.

அண்ணனுக்குச் சேதி வந்தபோது கோயில் ஆராதனை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். அப்படியே சைக்கிளில் போனார்கள். திரேஸ்புரத்து முனையிலேயே மறித்துவிட்டார்கள்.

"ஊசி போட்டுக் கொன்னாச்சுல்லா? இன்னும் என்ன பாக்கணும்?"

ஒருவர் சைக்கிளைப் பிடித்துத் திருப்பி வைத்தார். அண்ணன் திரும்பி வந்தார்கள். அன்று சாப்பிடவில்லை. "ஞாயிற்றுக்கிழமைன்னு பாத்தேன். தண்ணியைப் பாக்கலை" என்று ஒரு தரம் சொன்னார்கள். அவ்வளவுதான்.

அதன் பிறகு திரேஸ்புரம் அண்ணனுக்கு அடைபட்டுப்போனது. ஊசி போடாதவர்கள் இன்னும் பாதிப்பேர் இருந்தார்கள். சூசையின் அடக்கத்துக்குத் தெற்கேயிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். நோய் கண்ட அதே ஊரிலிருந்துதான். வந்தவர்கள் இழவு வீட்டில் தங்கினார்கள். ஊற்றிலேயே மொண்டு குளித்தார்கள். அண்ணன் இதைக் கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கழற்றினார்கள். பிறகு மாட்டினார்கள்.

தினமும் காலையில் போய்த் திரேஸ்புரத்து முனையில் நிற்பார்கள். உள்ளே விடமாட்டார்கள். நின்றுவிட்டு வருவார்கள். மதியம் மறுபடி போவார்கள். நான் சோற்றை எடுத்து வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

கொஞ்ச நாளில் அங்கே ஒரு கிழவருக்கு நோய் கண்டது. அடுத்து ஒரு பிள்ளைக்கு. வெளியே சொல்லாமல் மூடி வைத்தார்கள். துணிகளை ஊற்றுக்குப் பக்கத்தில் வைத்தே அலசினார்கள். மீன் வாங்கப் போன பெண் ஒருத்தி வந்து என்னிடம் சொன்னாள், நான் அண்ணனிடம் சொன்னேன்.

மேலே உள்ளவர்கள், போலீஸை அனுப்புகிறோம், பிடித்து நிறுத்தி ஊசி போடுங்கள் என்றார்களாம். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பெரிய மனிதர் வந்து அண்ணனைக் கோபித்தார்.

"ஜனங்க சாவுறது உமக்குச் சம்மதமா?"

"போலீஸ் பிடிச்சுக் குத்தினா இந்த வருஷம் குத்தலாம். அடுத்த வருஷம் நோய் வந்தா ஒளிச்சு வைப்பான். அடுத்த தெருவுக்கும் சொல்லிக் குடுப்பான். எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாள்ல என்ன பண்ணுவீர்?"

"தெரியலை" என்றார்கள் அண்ணன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "நீயும் வா. ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கோ" என்றார்கள். எங்கள் கோயிலுக்குப் போகவில்லை. திரேஸ்புரத்துக்காரர்கள் பூசைக்குப் போகும் கோயிலுக்குப் போனோம். வெளியே மணலில் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முணுமுணுப்பு. கூட்டம் கூடிவிட்டது. தொம்மை முன்னால் வந்தார்.

"எதுக்கு வந்தீரு?"

அண்ணன் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள். "ஊசி போட்டவன் மறுநாள் முங்கக் கூடாது. அதை நான் உங்கள்ள ஒருத்தன்கிட்டயும் சொல்லலை. ஞாயிற்றுக்கிழமை போக மாட்டீங்கன்னு நானா நெனைச்சுக்கிட்டேன். அது என் தப்பு. அதைச் சொல்ல வந்தேன்."

இப்படிச் சொல்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆபீஸில் தெரிந்தால் வேலை போகும்.

பெண்கள் பக்கமிருந்து ரோசம்மாள் வந்தாள். கறுப்புச் சேலை. கூடவே அவள் தம்பி.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஊசி போடாமப் போயிருந்தா எம் புருசன் இருந்திருப்பாரா?"

அண்ணன், "இருந்திருப்பார்" என்றார்கள்.

கூட்டத்தில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரோசம்மாள் அவனைப் பார்க்கவேயில்லை.

"ஊசி போட்டுட்டு வீட்டில படுத்துக் கிடந்திருந்தா?"

"இருந்திருப்பார், தாயி."

அவள் தொம்மைப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீரா, சம்மாட்டி? காச்சலா இருக்கு, இன்னைக்கு வேண்டாம்னு அவரு உம்மகிட்ட வந்து சொன்னாரா இல்லியா?"

தொம்மை தரையைப் பார்த்தார். "சொன்னான். வராதவனுக்குப் பங்கு இல்லைன்னேன். இது நான் வச்ச வழக்கமா? எங்கப்பன் காலத்திலயும் அப்படித்தான்."

"உம்ம அப்பன் காலத்தில ஊசி இருந்துச்சா?"

யாரோ பின்னால் லேசாகச் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"இப்ப என்னளா செய்யச் சொல்லுத?"

"ஊசி போட்டுக் கிடக்குறவனுக்கும் பங்கு வையும். ஒரு நாள் பங்கு. அதை வச்சா எவனும் காச்சலோட வரமாட்டான். எம் பிள்ளைக்கு அப்பன் இல்லாமப் போச்சு. இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்."

தொம்மை மற்றச் சம்மாட்டிகளைப் பார்த்தார். அவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். அண்ணன் கையிலிருந்த தொப்பி சுற்றிக்கொண்டே இருந்தது.

"சரி. வைக்கேன்" என்றார் தொம்மை. பிறகு அண்ணனிடம், "எங்க தெருவில நோயி இருக்கு, டாக்டரே. மறைச்சு வச்சிருக்கோம்" என்றார்.

"தெரியும்" என்றார்கள் அண்ணன்.

முதலில் வந்து கை நீட்டியது ரோசம்மாளின் தம்பி. சூசை இறந்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை என்று பிறகு சொன்னார்கள். அப்போதும் பேசவில்லை. நான் துடைத்தேன். அண்ணன் போட்டார்கள். கோயில் மணலிலேயே இருட்டும்வரை போட்டோம். ஊற்றைச் சுற்றி வேலி கட்டினார்கள். நோயாளிகளைப் பனையோலைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். துணிகளை எரித்தார்கள்.

எல்லோரும் பிழைக்கவில்லை. முன்னமே கண்டவர்களில் சிலர் போனார்கள். அந்தப் பிள்ளையும் போனது. வேறு தெருவுக்குப் பரவவில்லை. அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி அண்ணன் பேசியதில்லை. ஆனால் அதன்பின் கரைக்குப் போனால் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். "இன்னைக்குக் கலங்கலா, தெளிவா?" என்று போகிற வருகிறவரை எல்லாம் கேட்பார்கள். பையன்கள் அண்ணனைக் கண்டாலே, "கலங்கல்தான், டாக்டரையா" என்று தாங்களாகவே சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

வேலை போகவில்லை. கண்டித்து ஏதோ எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் சொல்லாமலே கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும். குளி தொடங்குமுன் ஊசி, ஊசி போட்டவனுக்கு மறுநாள் படகு கிடையாது, பங்கு உண்டு. அப்படி ஒரு வழக்கமாகிவிட்டது. ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். ஒருத்தர் பங்குக்காக இரண்டாம் தரமும் வந்து கை நீட்டினார். அண்ணன் அவர் கையைப் பார்த்துவிட்டு, "இந்த வீக்கத்துக்கு மேல எங்கன குத்துறது, வே?" என்றார்கள். அவரே சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்த அன்று ஊரெல்லாம் கொடியும் மிட்டாயும். அண்ணன் காலையிலேயே சாக்கடை பார்க்கப் போனார்கள். கூட்டம் கூடுகிற நாளில்தான் அதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மிட்டாய் கொண்டு வந்தார்கள். ஈ மொய்த்த கடையில் வாங்கவில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அண்ணனிடம் கோபமும் உண்டு. பொறுமை குறைவு. மெதுவாகப் பேசுகிறவரைக் கண்டால் முகம் மாறும். சொந்தக்காரர் விசேஷங்களில் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பலருக்கு வருத்தம். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலருக்கும் இருக்கும். அண்ணனுக்காக நான் கேட்டுக்கொள்கிறேன், மனதில் வைக்காதீர்கள்.

போன வருஷம் நெஞ்சு வலி கண்டது. கூடப் படித்த டாக்டர் வந்து பார்த்துப் படுத்தே இருக்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு அதுதான் பெரிய வேதனை. "ஜன்னலைத் திற. குப்பை வண்டி வந்துச்சா? எத்தனை வீட்டில நின்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார்கள். சங்கு குளிக்கும் காலம் தொடங்க இருந்தது. திரேஸ்புரத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். கம்பவுண்டரை அழைத்து மருந்து வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். என்னை ஊசிகளைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அடுப்படியிலிருந்து நான் திரும்பி வந்தபோது அண்ணன் போயிருந்தார்கள். கஷ்டம் இல்லாத முகமாக இருந்தது.

மறுநாள் அடக்கம். அந்த மறுநாள்தான் திரேஸ்புரத்து ஊசி நாளும். கம்பவுண்டர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தள்ளிப் போட்டுருவோமாக்கா?" என்றார். காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். கொதித்த ஊசிகளை எடுத்துக் கொடுத்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். இரவு பகலாக வந்து பார்த்த டாக்டருக்கும், ஜெபித்து நல்லடக்கம் செய்த போதகரையாவுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கும் வேலை செய்த கம்பவுண்டருக்கும் நன்றி. நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வந்த சொந்தங்களுக்கு நன்றி. வெள்ளிக்கிழமை தொழுகையில் அண்ணனை நினைத்ததாகச் சொல்லியனுப்பிய பாய்மாருக்கு நன்றி. மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டு வந்த ரோசம்மாளுக்கு நன்றி.

சவப்பெட்டியைத் தூக்கத் திரேஸ்புரத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. எல்லோரும் காலையில் இடது கையில் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். தூக்குகிற நேரத்தில் தொம்மை, "இடது பக்கம் வேண்டாம்லே. வலது தோள்ல வையுங்க" என்றது எனக்குக் கேட்டது.

அதற்கு முந்திய நாட்களில் கடல் கலங்கிக் கிடந்ததாம். அடக்கத்துக்கு மறுநாள் தெளிந்துவிட்டது. மற்றவர்கள் குளிக்கப் போனார்கள், ஊசி போட்டவர்கள் ஒருவரும் படகில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அவர்களுக்கும் பங்கு வைத்தார்கள்.

தங்கை